டோடோல் அடைத்த பெட்ரோல் டாங்கி

மலாக்காவில் காஜா பெராங்கில் அந்த வருஷம் சொந்தக் கார் வைத்திருந்த தமிழர்கள் இரண்டே பேர். ஒருவர் வைரவன் செட்டியார். இன்னொருவன் நம்ம கணேசமூர்த்தி. செட்டியார் கார் வாங்கியதில் அதிசயம் ஒன்றுமில்லை. ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் பார்க்கிற கணேசமூர்த்தி வாங்கினானே, அதைத்தான் தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்தது, கம்பெனித் துரை பெட்டியைக் கட்டினார், போகிற போக்கில் தன் பென்வொர்த் காரை இவன் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறினார். "துரை வச்சிருந்த காடி" என்று இவன் ஒரு மாதம் மார்தட்டிக்கொண்டு திரிந்தான். அவ்வளவு நல்ல காடியைத் துரை ஏன் அவ்வளவு அவசரமாகத் தள்ளிவிட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் கணேசமூர்த்தியா?

பவிசுக்காக அவன் கார் வாங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் வரும். அவன் மனைவி சிவகாமசுந்தரி ஏழு மாத கர்ப்பிணி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இதற்கு முன் இரண்டு தடவை வளைகாப்பு நடந்தது, இரண்டு தடவையும் அவளை செங் தோட்டத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள், இரண்டு தடவையும் பிள்ளை தங்கவில்லை. செய்தி மறுநாள் மத்தியானம்தான் இவனுக்கு வந்தது. அலறி அடித்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். சிவகாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணோடு புருஷன் போய்த் தங்கக்கூடாது என்பது அவன் மாமியார் அன்னபூரணியின் சட்டம். அந்தச் சட்டத்தை மாற்ற எந்த சர்க்காராலும் முடியாது. ஆனால் கையில் கார் இருந்தால்? அழைத்துப் போகும்போது டிரைவர் ஆசனத்தில் இவன்தானே உட்காருவான்! அப்புறம் தினமும் கம்பெனி விட்டதும் இருபது நிமிஷத்தில் செங் போய் எட்டிப் பார்த்துவிடலாம். வலி கண்டது என்று ஆள் வந்தால் அடுத்த நிமிஷம் கிளம்பிவிடலாம். இந்த முறை அவள் பக்கத்தில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்குத்தான் அந்தக் கார்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

கார் விற்கும் ஏஜெண்டு எழுதியது, மேலே பெரிய சிவப்பு முத்திரை. இன்ன வருஷத்து பென்வொர்த் வண்டிகளில் பெட்ரோல் டாங்கியின் அடித் தையல் பிளந்துகொள்கிறது, ஆகவே வண்டியை ஓட்டவேண்டாம், பக்கத்தில் நெருப்பைக் காட்டவேண்டாம், உடனே ஒப்படைத்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று இங்கிலீஷில் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். இதே கடிதம் வைரவன் செட்டியாருக்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அவரும் பென்வொர்த் வண்டிக்காரர்தான். செட்டியார் கடிதத்தைத் தெரு முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டார். "பாத்தீங்களா, சிங்கப்பூர்க்காரன் எனக்குக் கடுதாசி போட்டிருக்கான்" என்று சொல்லி, மாலை போட்டு வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினார். அனுப்பி இரண்டு மாதமாகிவிட்டது. கிணற்றில் போட்ட கல்தான். செட்டியார் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். வாங்கி வைத்த ஒரு டின் பெட்ரோல் மட்டும் அவர் வீட்டில் சும்மா கிடந்தது.

கணேசமூர்த்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். வண்டி போனால் இரண்டு மாதம் வராது. பிள்ளை பிறக்கப்போவதும் இரண்டு மாதத்தில். கடிதத்தை மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினான். "நீ பாத்துக்க" என்று முருகனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுபோகும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

பெட்ரோலுக்கு முருகனும் தெரியாது, கிராணியும் தெரியாது. அடுத்த வாரமே சொட்டத் தொடங்கியது. காரின் பின்பக்கம் அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தான். காலையில் சிரட்டை பாதி நிறைந்திருந்தது. வாடை வீட்டுக்குள் வந்தது. சோற்றில் பெட்ரோல், காப்பியில் பெட்ரோல், துவைத்த வேட்டியில் பெட்ரோல். சிவகாமி மட்டும் முகம் சுளிக்கவில்லை. சில கர்ப்பிணிகளுக்கு மாங்காய் கேட்கும், சிலருக்குச் சாம்பல் கேட்கும். இந்த மகராசி தினமும் சாயங்காலம் பாயைத் தூக்கிக்கொண்டு போய்க் காருக்குப் பின்னால் விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"என்ன சிவகாமி, இங்க வந்து உக்காந்திருக்க?"

"காத்து நல்லா இருக்குங்க" என்றாள்.

அவளுக்குத் தன் கார் மேல் அவ்வளவு பிரியம் என்று இந்த அப்பாவி நினைத்துக்கொண்டான். இருந்தாலும் பயம் பிடித்துக்கொண்டது. யாராவது சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு வந்தால் என்ன ஆவது? அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, நேராக கம்போங் செட்டிக்கு ஓடினான். நல்லையா பிள்ளையின் பட்டறை அங்கேதான்.

நல்லையா பிள்ளை மலாக்காச் செட்டி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேரூன்றிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் கட்டம்போட்ட சாரோங், வாயில் மலாய். தமிழ் என்று அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான். ஆனால் கார் விஷயத்தில் கெட்டிக்காரர். வந்து படுத்துப் பார்த்தார். முதலில் பார் சவுக்காரத்தை நசுக்கித் தையலில் அப்பினார். மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் பழையபடி சொட்டியது. நல்லையா தாடையைச் சொறிந்தார். வீட்டுக்குப் போனார். தீபாவளிக்குக் கிண்டிய டோடோல் மிச்சத்தில் ஒரு கட்டியோடு திரும்பி வந்தார்.

தேங்காய்ப்பாலும் வெல்லமும் மாவும் போட்டு ஒரு பகல் முழுக்கக் கிண்டுகிற பண்டம் அது. தீபாவளி கழிந்து இரண்டு வாரமான டோடோலைப் பற்றித் தெரியாதவர்கள், அதைக் கடித்துப் பல்லைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

"என்னங்க இது, திங்கிற சாமானை..." என்று கணேசமூர்த்தி இழுத்தான்.

"தாக் அப்பா, தாக் அப்பா" என்றார் நல்லையா. பரவாயில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். உலகத்தில் எந்தத் துன்பத்துக்கும் அவர் சொல்கிற பதில் அதுதான். கட்டியைக் கையில் பிசைந்து, தையல் நெடுக அப்பி, கட்டைவிரலால் அழுத்தினார்.

என்ன சொல்வது! நின்றுவிட்டது. வெல்லம் பெட்ரோலில் கரையாது என்பது நல்லையாவுக்கு எந்தப் புத்தகத்திலிருந்து தெரிந்ததோ. சிரட்டை காய்ந்து கிடந்தது. வாடை குறைந்தது. சிவகாமிக்கு மட்டும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எறும்புகளுக்குச் செய்தி போய்விட்டது. சாரை சாரையாக வந்து டாங்கியின் அடியில் மொய்த்தன. கணேசமூர்த்தி காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை குப்புறப் படுத்துக்கொண்டு ஈர்க்குச்சியால் எறும்பைத் தட்டிவிட்டான். கிராணியார் தினமும் காருக்கு சாஷ்டாங்க நமஸ்காரம் பண்ணுகிறார் என்று எதிர்வீட்டு அஞ்சலை தெரு முழுக்கச் சொன்னாள்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அன்னபூரணி செங்கிலிருந்து வந்து இறங்கினாள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் முப்பது வருஷம் பிள்ளை பார்த்தவள். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாற்பது குழந்தைகளையும் ஒரு பார்வையில் அடக்கி உட்காரவைப்பாள். வாசல்படி ஏறியதும் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னா வாடை மாப்பிள்ளை இது?"

"கொசு மருந்து அத்தை. டவுன்ல சாக்கடைக்கெல்லாம் அடிக்கிறாங்க."

"கொசுவையே காணோமே?"

"அதான் அத்தை, மருந்து அவ்வளவு நல்ல மருந்து."

அன்னபூரணி அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கணேசமூர்த்திக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

வளைகாப்பு அன்று காலையில் வீடு நிறையப் பெண்கள். சிவகாமியை மனையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுச் சிரித்தாள். கணேசமூர்த்தி கதவோரம் நின்று அதைப் பார்த்தான். இந்தச் சிரிப்பைப் போன இரண்டு தடவையும் பார்த்திருக்கிறான். முருகா, இந்தத் தடவை என்னை அப்பால் தள்ளி வைக்காதே என்று வேண்டிக்கொண்டான். "மாப்பிள்ளை, பூ பத்தலை, ஓடிப்போய் வாங்கிட்டு வாங்க" என்று அன்னபூரணி விரட்டியதும் ஓடினான்.

அவன் அந்தப் பக்கம் போக, அன்னபூரணி இந்தப் பக்கம் காரைச் சோதனை போட்டாள். மகள் ஏறப்போகிற வண்டியாயிற்றே! பின்பக்கம் வந்தாள். எறும்பு சாரை போவதைக் கண்டாள். குனிந்து பார்த்தாள். கறுப்பாக என்னவோ, அதன் மேல் ஆயிரம் எறும்பு. "அட கண்றாவியே! மாசமா இருக்கிற புள்ளை ஏறுற வண்டியில இவ்வளவு எறும்பா?" என்றாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை எடுத்து வந்து, இரண்டு கெண்டி நிறைய, குறி தவறாமல், டாங்கியின் அடியில் வீசி அடித்தாள். அப்புறம் தேங்காய் நாரால் நன்றாக ஒரு தேய். எறும்பு போனது. டோடோலும் போனது. அஞ்சலையை அழைத்து இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக் காரை முழுக்கக் கழுவி, மஞ்சள் குங்குமமும் வைத்துவிட்டாள்.

பூவோடு கணேசமூர்த்தி திரும்பியபோது வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. வாசலெல்லாம் ஈரம். நன்றாகத்தான் கழுவியிருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோனான். வாடை வந்ததா என்றால், அவன் மூக்குக்கு அது மூன்று வாரமாகப் பழகிவிட்டது.

"ராகுகாலத்துக்கு முன்ன கெளம்பணும், பொண்ணை ஏத்துங்க!" என்றாள் அன்னபூரணி. சிவகாமி வளையல் குலுங்கப் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் தட்டு, பக்கத்தில் தட்டு, காலடியில் தட்டு, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் மணத்தன. நல்லையா பிள்ளையும் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வைரவன் செட்டியார் குடையை ஊன்றிக்கொண்டு, தன் வண்டியை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி நின்றார். கணேசமூர்த்தி டிரைவர் பக்கத்துக் கதவில் கை வைத்தான். சாதித்துவிட்டான்!

அஞ்சலை ஆரத்தித் தட்டை எடுத்தாள். தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீர், அதில் மிதக்கும் வெற்றிலை, வெற்றிலையின் மேல் கற்பூரம். ஒரு வில்லை போதும் என்று யார் சொன்னாலும் அஞ்சலை கேட்கமாட்டாள். நல்ல காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று பொட்டலத்தையே கவிழ்த்திருந்தாள். கொழுந்துவிட்டு எரிந்தது. சிவகாமியின் முகத்துக்கு மூன்று சுற்று. அப்புறம், வண்டிக்கும் திருஷ்டி கழிய வேண்டாமா என்று காரைச் சுற்றிப் பின்பக்கமாக நடந்தாள்.

அப்போதுதான் கணேசமூர்த்தி தரையைப் பார்த்தான். தேங்கிய தண்ணீரின் மேல் ஊதாவும் பச்சையும் சிவப்புமாக நிறம் நெளிந்து விரிந்துகொண்டிருந்தது. டாங்கியிலிருந்து ஒரு நூல் போல ஒழுகிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது!

"அஞ்சலை! நில்லு!"

அஞ்சலை நிற்கவில்லை. ஆரத்தி சுற்றும்போது குறுக்கே கூப்பிட்டால் நிற்கக்கூடாது என்பது அவள் கட்சி. இன்னும் நாலு அடி. ஊதி அணைத்துவிடலாம். ஒரே மூச்சு போதும். ஆனால் இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்துக்குச் சுற்றிய கற்பூரத்தைப் புருஷன்காரன் வாயால் ஊதி அணைப்பதா? அந்த ஒரு காரியம் மட்டும் அவனால் முடியவில்லை. பாய்ந்தான். தட்டை அஞ்சலையின் கையிலிருந்து பிடுங்கினான். எரிகிற தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் ஓட ஆரம்பித்தான்.

ஓடும்போது சிவப்பு நீர் தளும்பி அவன் வெள்ளை வேட்டியெல்லாம் நனைந்தது. நீர் வெளியே கொட்டக் கொட்ட, வெற்றிலை பித்தளையில் படிந்து தட்டு சுட்டது. சுடச் சுட அவன் குதித்தான். இந்தக் காலைத் தூக்கி, அந்தக் காலைத் தூக்கி, "ஆ... ஊ..." என்று கத்திக்கொண்டு போனான். சிவந்த கண், கலைந்த தலை, கையில் நெருப்பு. பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

"ஐயோ, கிராணியார் மேல சாமி வந்திருச்சுடி!" என்று அஞ்சலை அலறினாள்.

அவ்வளவுதான். வளைகாப்புக் கூட்டம் பூராவும் குலவையிட்டுக்கொண்டு பின்னால் ஓடியது. யாரோ வீட்டுப் பூசை மணியை எடுத்து ஆட்டினார்கள். யாரோ வேப்பிலை தேடினார்கள், கிடைக்கவில்லை, கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டு வந்தார்கள். கணேசமூர்த்தி, காருக்கும் தனக்கும் நல்ல தூரம் வைத்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில், கம்போங் செட்டிக் கோயில் எதிரே இருந்த வெட்டவெளிக்குப் போய் நின்றான். நின்றானா? குதித்தான். கீழே வைக்கலாமென்றால் கூட்டம் காலடியில் விழுந்து கிடந்தது.

அஞ்சலை கையைக் கூப்பினாள். "வந்திருக்கிறது யாரு? மாரியாத்தாளா, முனியாண்டியா? சொல்லு சாமி!"

இவனுக்கு மூச்சு வாங்கியது. "பெட்ரோல்... பெட்ரோல்!" என்றான்.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. இளநீர் கேட்ட சாமி உண்டு, சுருட்டுக் கேட்ட சாமி உண்டு. பெட்ரோல் கேட்ட சாமியை மலாக்கா அதுவரை கண்டதில்லை.

"காலம் மாறிப்போச்சுல்ல, மெர்டேக்கா கெடைச்சிருச்சுல்ல, சாமியும் மாறும்தானே" என்றார் பின்னால் ஒருவர்.

"சாமி கேட்டா குடுத்திரணும்!" என்றார் வைரவன் செட்டியார். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பொருளை, தன்னிடம் சும்மா கிடக்கிற பொருளை, சாமி வாய் திறந்து கேட்கிறதே! குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

இதற்குள் அங்கே, காருக்குப் பக்கத்தில் தனியாக நின்ற நல்லையா பிள்ளை தரையில் நெளிந்த நிறத்தைப் பார்த்துவிட்டார். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக 'தாக் அப்பா' என்று சொல்லவில்லை. "மிஞ்ஞாக் போச்சோர்! அப்பி ஜாங்ஙான் டெக்காட்!" எண்ணெய் ஒழுகுது, நெருப்பு கிட்டே வராதே என்று தெருவைப் பார்த்து அலறிக்கொண்டே, பின்கதவைத் திறந்து சிவகாமியைப் பதமாக இறக்கி, சோற்றுத் தட்டுகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வெட்டவெளியில் கூட்டம் விலகி வழிவிட்டது. அன்னபூரணி வந்தாள். நாற்பது பிள்ளையை ஒரு பார்வையில் அடக்கிய அன்னபூரணி, மருமகனை என்றைக்கும் எட்ட நிற்கவைத்தே பேசிய அன்னபூரணி, மண்ணில் முட்டி போட்டு அவன் முன்னால் விழுந்தாள்.

"தாயே, நான் என்ன தப்பு பண்ணினேனோ, என் பொண்ணு வயித்துல ரெண்டு தடவை தங்கலை. இந்தத் தடவையாவது தங்குமா? புள்ளை உசிரோட பொறக்குமா? ஒரு வார்த்தை சொல்லு தாயே!" அவள் குரல் உடைந்துபோயிற்று.

கணேசமூர்த்தியின் கை தீய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் மனசு சும்மா இருக்குமா? ஒரே ஒரு வார்த்தை. 'புருஷனும் கூடப் போய்த் தங்கட்டும், அப்பத்தான் புள்ளை தங்கும்' என்று சாமி சொன்னால் போதும். அன்னபூரணி மறு பேச்சுப் பேசுவாளா? கார் எதற்கு, டோடோல் எதற்கு? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவன் கீழே பார்த்தான். அன்னபூரணியின் நரைத்த தலையில் மண் ஒட்டியிருந்தது. ராத்திரியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியைத்தான் அவளும் கேட்கிறாள். அதை வைத்தா விளையாடுவது?

"எந்திரிங்க அத்தை" என்றான். "நான் சாமி இல்ல. காடி ஒழுகுது. அது ஒழுகும், ஓட்டக்கூடாதுன்னு செட்டியாருக்கு வந்த மாதிரியே எனக்கும் கடுதாசி வந்துச்சு. ஒரு மாசமா மறைச்சு வச்சிருந்தேன். டோடோல் வச்சு அடைச்சிருந்தேன். கொசு மருந்துன்னு பொய் சொன்னேன். புள்ளை பொறக்குமா பொறக்காதான்னு எனக்கு எப்படித் தெரியும் அத்தை? எனக்கும் பயமாத்தான் இருக்கு. பொறக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்னு நெனைச்சேன், அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே குழந்தை மாதிரி விசும்பினான். கற்பூரம் தன்பாட்டில் எரிந்து தணிந்தது. தட்டைக் கீழே வைத்தான்.

குலவையிட்ட பெண்கள் கறிவேப்பிலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து வைரவன் செட்டியார் தலையில் டின்னைச் சுமந்துகொண்டு, "வந்திட்டேன் தாயே! முழு டின்னு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"கிட்ட வராதீங்க செட்டியாரே!" என்று பத்துப் பேர் ஒரே குரலில் அலறினார்கள். அவர் அப்படியே திரும்பி, வந்ததைவிட வேகமாக ஓடினார். சாமி கோபித்துக்கொண்டது என்றே அவர் கடைசிவரை நம்பினார்.

சிவகாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். அவள் வளையல் சத்தம்தான் முதலில் வந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "முருகன் படத்தைத் தொடைக்கும்போது பாத்தேன். செட்டியார் தெருவெல்லாம் காட்டினாரே, அதே செவப்பு முத்திரை. படிக்கத் தெரியாட்டாலும் தெரியாதா? நான்தான் வாயைத் தொறக்கலை. காடி போயிட்டா இவரு வரமாட்டாரு. போன ரெண்டு தடவையும் வலியில வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீ இருந்த, பிரசவம் பாக்குற ஆயா இருந்துச்சு, எல்லாரும் இருந்தீங்க. இவரு இல்ல. அந்த மாதிரி இன்னொரு தடவை என்னால ஆகாதும்மா."

அன்னபூரணி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மகளைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். அப்புறம் பிடித்தாளே ஒரு பிடி!

"கூறுகெட்டதுங்களா! ரெண்டு பேரும் கூட்டுச் சேந்து என் பேரப்புள்ளையைப் பெட்ரோல் டாங்கி மேல உக்கார வச்சீங்களா? படிச்ச கிராணியாம், படிச்ச கிராணி! டோடோலை டாங்கியில அப்புறதுக்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க? கூட வரணும்னா வாயைத் தொறந்து கேட்டா என்ன, நான் என்ன புலியா?"

"கேட்டேனே அத்தை, போன தடவை" என்றான் கணேசமூர்த்தி. "கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். வழக்கமில்லைன்னு சொல்லிட்டீங்க."

அன்னபூரணிக்கு நினைவு இருந்தது போலும். கிட்டே வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "ஊதி அணைச்சிருந்தா இது வந்திருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"உங்க பொண்ணுக்குச் சுத்தினது அத்தை. எப்படி ஊதுறது?"

அவள் யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையை வெகு நேரம் நனைத்தாள். தன் புதுச் சேலையின் முந்தானையை நடுவில் கிழித்து, இரண்டு கையிலும் சுற்றிக் கட்டினாள். ஆயாக்கொட்டகையில் நாற்பது பிள்ளைக்குக் கட்டுப் போட்ட கை அது. கணேசமூர்த்தி சட்டைப்பையிலிருந்து கார்ச் சாவியை முழங்கையால் தள்ளித் தள்ளி வெளியே எடுக்கப் பார்த்தான், முடியவில்லை. சிவகாமியோடு வந்திருந்த நல்லையாவே எடுத்துக்கொண்டார். டாங்கியை வடித்துவிட்டு, சிங்கப்பூர் ஏஜெண்டுக்குச் செய்தி அனுப்பிக் காரை ஒப்படைக்கும்படி அவரிடம் சொன்னான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. செங் பஸ் வந்தது. சோற்றுத் தட்டுகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி ஏற்றினார்கள். சிவகாமி ஏறினாள். அன்னபூரணி ஏறினாள். கணேசமூர்த்தி கட்டுப் போட்ட இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, போன இரண்டு தடவையும் நின்ற மாதிரியே சாலையோரத்தில் நின்றான். "போயிட்டு வாங்க" என்று சொல்ல வாயெடுத்தான்.

பஸ் கண்டக்டர் மலாய்க்காரர், தமிழும் பேசுவார். தட்டுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, எத்தனை ஆளு? சீக்கிரம் சொல்லு லா!"

அன்னபூரணி படியில் இறங்கி வந்து மருமகனின் முழங்கையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"நானு, எம்புள்ளைங்க ரெண்டு" என்றாள். "இதுக்குக் கை முடியாது, பாத்து வண்டியை எடு."